அஞ்சலை மறைந்தாள்

அஞ்சலையைக் கொன்றுவிடுவது என்று நாடகக் கம்பெனி முதலாளி வாசுதேவன் முடிவு கட்டிய செய்தி, அஞ்சலையாக நடிக்கும் செல்லம்மாவுக்கு, அவள் அரிதாரம் பூசிக்கொண்டிருந்த வேளையில்தான் எட்டியது. ஆத்திரத்தில் அவள் வெடுக்கென்று எழ, தீட்டிய மை கன்னம்வரை இழுபட்டது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டின் கோடை. செங்கற்பட்டிலிருந்து வந்த அந்தக் கம்பெனி மாமல்லபுரத்தில் கொட்டகை போட்டு, உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையின் கதையைச் சனிக்கிழமைதோறும் ஒரு பாகமாக நடத்தி வந்தது. திருப்போரூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டும், முட்டுக்காட்டிலிருந்து கால்வாய்ப் படகேறியும் சனங்கள் வந்தார்கள். சந்தையில் செல்லம்மாவை எவரும் செல்லம்மா என்று அழைப்பதில்லை, "உன் புருசன் திரும்பினானா, அஞ்சல?" என்றே மீன்காரிகள் விசாரித்தார்கள். கம்பெனிக்கு வாசுதேவன் தம் தந்தையார் பெயரைச் சூட்டியிருந்தார். ஊரோ அதை 'அஞ்சலை கொட்டாய்' என்றது. வினை அங்கேதான் முளைத்தது.

பாதி பூசிய முகத்தோடு அவர் முன்னே போய் நின்றாள் செல்லம்மா.

"நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா?"

"நாளைக்கி உனக்கு ஜுரம் வந்தா கொட்டாய மூடணுமா? ஒருத்திய நம்பி இத்தினி பேரு சோறு துன்றது பேஜாரு. அடுத்த வாரம் அஞ்சலையோட தங்கச்சி வருவா. நம்ம சுந்தரவல்லி கட்டுது அந்த வேசம்."

சுந்தரவல்லி அவருடைய அக்காள் மகள்.

"அஞ்சலைக்குத் தங்கச்சி ஏது? இத்தினி நாளா எந்தப் பானைக்குள்ள குந்திகினு இருந்தா?"

நாடகம் எழுதும் சாரங்கபாணி, முகம் சிவக்க மூலையில் உட்கார்ந்திருந்தார். "காரணமில்லாம கொல்றதுக்கு என் பேனா எழலே, செல்லம்மா. அலைகளிடையே மறைந்தாள்னு மட்டுந்தான் எழுதினேன். அதுக்குமேல முடியாதுன்னுட்டேன்."

"மறைஞ்சா இன்னா, செத்தா இன்னா, ரெண்டும் ஒண்ணுதான் சாமி," என்றார் வாசுதேவன். "பாதி நாடகத்தோட நீ மூட்ட கட்டிக்கலாம், செல்லம்மா."

இந்த வேலை போனால் அவளுக்கு மிஞ்சுவது, பிறந்த ஊரில் பிறர் வயலில் நாற்று நடுவதுதான். அதைச் சொல்லி அவள் கெஞ்சவில்லை. அழுகையும் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

தன் பங்கை நடித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் வந்தாள். படகோட்டி வேடமிட்ட கருப்பன், நீர் சொட்டச் சொட்ட மேடையேறி முழங்கினான்: "அஞ்சலை அலைகளிடையே மறைந்தாள்."

முன்வரிசையில் மீன்காரி பாப்பா எழுந்தாள்.

"மறைஞ்சான்னா? தேடுனியா?"

அதற்கு வசனம் எழுதப்படாத கருப்பன், திரைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"தேடாம இங்க வந்து நின்னுகினு கீறியே, அண்ணாத்த. எத்தினி கட்டுமரம் போச்சு?"

கடலில் மறைந்தவரை, உடல் கரை சேரும்வரை அந்தக் குப்பத்தில் எவரும் இறந்தவராகச் சொல்வதில்லை. பெண்டாட்டி தாலியைக் கழற்றுவதில்லை. ஆகவே நாடகம் முடிந்தது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வாசுதேவன் மேடைக்கு ஓடி வந்தார்.

"அஞ்சலை செத்துட்டா. அல்லாரும் வூட்டுக்குப் போங்க."

"உடம்பு எங்க?"

"கெடைக்கல."

"அப்போ சாவல. குந்துங்கடி," என்றாள் பாப்பா.

கூட்டம் மறுபடி உட்கார்ந்தது. சிலர் கொட்டகையின் மூங்கில்களைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்கள்.

மூட்டையை முடிந்துகொண்டிருந்த செல்லம்மாவிடம் வாசுதேவன் மூச்சிரைக்க வந்தார். "சீக்கிரம் வா. அஞ்சு நிமிசம் பொணமாப் படு. தூக்கியாந்து போட்டாத்தான் கலைவானுங்க."

"உன் அக்கா மவளப் படுக்க வை."

"பொம்பளைங்க மேடையேறி அழுவாளுங்க. துணிய வெலக்கி மூஞ்சியப் பாப்பாளுங்களே."

"அப்போ சாவறதுக்கும் நானே வேணும்."

வெளியே அஞ்சலையின் பெயர் மேலும் மேலும் உரத்து எழுந்தது. செல்லம்மா மூட்டையைக் கீழே போட்டாள். குடத்து நீரைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டாள். அவரைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு மேடையேறினாள்.

"எங்கடி போயிருந்த?" என்று அதட்டினாள் பாப்பா.

"தேட ஒருத்தரும் வரல, அக்கா," என்றாள் அஞ்சலை. "நானே நீஞ்சி வந்தேன்."