ஏழுக்கு மேல் போட்டதில்லை

"வலிக்குப் பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த மாமியார், விடைத்தாளைக் கையில் வாங்கியது போலப் புருவத்தைச் சுருக்கினார்.

"நாலு போடுங்க."

மருமகள் வலி நோட்டுடன் பக்கத்தில் நின்றிருந்தாள். காலை, மதியம், இரவு என்று அவளே கோடு போட்டுப் பிரித்த நோட்டு. மூன்று வாரமாக எல்லாக் கட்டத்திலும் நாலு, எப்போதாவது நாலரை. சொன்னதைச் சொன்னபடி எழுதினால் தப்பு வராது என்று நம்பியிருந்தாள். தலையணை உறை பல் பட்டுக் கிழிந்திருந்ததை எழுத அதில் கட்டம் இல்லை. இன்று காலை செருப்பு மாட்டவே கால் மணி நேரம் ஆனதற்கும் இல்லை.

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "புற்று எலும்புக்கு வந்தாச்சு, அது தெரிஞ்சதுதான். ஆனா வலி நாலுதான்னா மாத்திரையே போதும். இடுப்புல கரண்ட் வைக்கிறதை, அதான் கதிர்வீச்சை, அடுத்த மாசம் பார்த்துக்கலாம். தாங்க முடியாதவங்க நிறைய பேர் காத்திருக்காங்க."

"அதையேதான் நானும் சொன்னேன். இவதான் இழுத்துட்டு வந்தா."

எட்டாம் வகுப்பில் மருமகளுடைய கணக்குப் பேப்பரிலும் இதே நாலு விழுந்திருக்கிறது. வழி சரி, விடை சரி, எழுத்து சாய்ந்திருக்கிறது என்று மார்க்கைக் குறைக்கும் 'அரை மார்க் டீச்சர்' அன்று இதே மாமியார்தான். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவள் வாயில் 'அத்தை' வரவில்லை. டீச்சர் போட்ட மார்க்கை டீச்சர் எதிரிலேயே திருத்துவதா?

"டீச்சர், இத்தனை வருஷத்துல பத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"ஏழு. ஒரே ஒரு பொண்ணுக்கு. அதுவே தாராளம்."

பேனாவை மூடப்போன டாக்டர் நிமிர்ந்தார். "பிரசவ வலிக்கு?"

"மூணு." கொஞ்சம் யோசித்தார். "அவனுக்குத் தலை பெருசு. மூணரை."

"ராத்திரியெல்லாம் தலையணையைக் கடிச்சுக்கிறாங்க டாக்டர். நான்தான் எழுதாம விட்டுட்டேன்," என்றாள் மருமகள். காப்பியடித்தவளைப் பிடித்த பார்வை ஒன்று கட்டிலிலிருந்து வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கரண்ட் வைக்க மறுநாளே இடம் கிடைத்தது. ஒரே ஒரு தடவை. இடுப்பில் மையால் குறி போட்டார்கள்; "கோணலா இருக்கு பாரு," என்றார் மாமியார். கெட்டிப் பலகையில் பத்து நிமிடம் மல்லாந்து, அசையாமல் கிடந்தார்.

"ரெண்டு மூணு நாள் வலி கூடலாம், பயப்படாதீங்க," என்று டாக்டர் சொல்லியனுப்பினார். "ரெண்டு வாரத்துல குறையணும். சிலருக்குக் குறையாமலும் போகும்."

மூன்றாம் நாள் மதியம் மாமியாருக்கு உதடு வெளுத்துவிட்டது. டாக்டர் போனில் சொன்னபடி கூடுதல் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரமாகியும் முகம் இளகவில்லை. இது கூடிக் குறையும் வலியா, குறையாமலே போகிற வலியா? நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வலி அந்த நாலோடாவது நின்றிருக்குமோ? அவள் நோட்டைப் பிரித்தாள்.

மாமியாரே கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். கட்டத்துக்குள் அடங்காமல் 'ஒன்பது' என்று எழுத்தில் எழுதினார். பழக்க தோஷத்தில் அடியில் ஒரு கோடு இழுத்தார். அது நழுவித் தாளின் ஓரம் வரை ஓடியது.

"ஸ்கேல் எடு," என்றார்.

ஸ்கேல் மேசையில்தான் இருந்தது, நாலடி தூரத்தில். மருமகளால் எழ முடியவில்லை. டீச்சரின் இடது கை அவளுடைய மணிக்கட்டை விடவில்லை.