நாற்பத்தேழாம் குழாய்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை டைரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த சாம்பிள் எந்த ஃப்ரீசரில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். முதுகுத்தண்டில் ஊசி வைத்து எடுத்த நீர், சின்னச் சின்னக் குழாய்களில் பளிங்கு போல வந்து சேரும். மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே அதற்கான புரதம் அந்த நீரில் ஏறிவிடுகிறதா என்று அளப்பது அவள் வேலை. குழாய்மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களும் வேண்டுமே. ஆள் கிடைக்காமல் அவளும் அவள் வீட்டுக்காரரும்கூட ஒருக்களித்துப் படுத்து நீர் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஆரோக்கியமானவர்களின் வரிசையில், நாற்பத்தேழாம் குழாயில் புரதம் எகிறிக் கிடந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி அளந்தாள். அதே அளவு.

வரிசையில் அறுபது பேர் இருந்தார்கள். இருந்தும் வீட்டுக்காரராக இருக்குமோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பஸ் ஓட்டுகிற மனுஷன் அவர். வீட்டில் அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பினால் பார்வையை விலக்கிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். "என்னங்க, நாப்பத்தேழுன்னு ஒரு குழாய்..."

அவர் சட்டையைக் கீழே வைத்தார். "புரதம் ஏறியிருக்கு. அது நானா இருக்குமோன்னு உனக்கு பயம். அதானே?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதாம்மா. இந்த வாரத்துல இது நாலாவது தடவ."

விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

மறுநாள் காலை பதிவேட்டைப் புரட்டினாள். அந்தக் குழாயை இரண்டு முறை அளந்ததாகத்தான் அவளுக்கு நினைவு. ஏட்டில் ஏழு முறை இருந்தது. ஏழும் அவள் கையெழுத்து. கடைசிப் பதிவு அன்றைக்கே, ஒன்பதே முக்காலுக்கு. இப்போது மணி பத்து. கழற்றிப் போட்ட கையுறை மேசைமேல் இன்னும் ஈரமாகச் சுருண்டு கிடந்தது.

நேரே ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். "நாப்பத்தேழு யாருன்னு பாக்கணும் டாக்டர்."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். "வெள்ளிக்கிழமையே பாத்துட்டோம்கா. நீங்களும் நானும், இதே மேசையில. இன்னிக்கு உங்க வீட்டுக்காரரோட வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"அவருக்கு இல்லியே, அது போதும்னு சிரிச்சீங்க."

அந்தச் சிரிப்பை எங்கே தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது அதே போல ஒன்று தானாக உதட்டில் வந்து நின்றது. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபோன் போனதும் வீட்டுக்காரர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார். டாக்டரிடம் ஃப்ரீசர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரோடு படியிறங்கினாள். தெருவில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல வெயில். எதற்காக இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று அவரைக் கேட்கலாமா என நினைத்தாள். பிறகு தானும் அவர் கையை இறுக்கிக்கொண்டாள்.