யாரும் வெட்டச் சொல்லாத காட்சி

விடுமுறைக்குச் சம்பந்தம் பேசிய வீட்டுக்கு வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள், பிஸ்கட் கொண்டுவருவார்கள். என் பேத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனோடு வந்த அவன் அப்பா ஒரு பட்டியல் கொண்டுவந்தார். நாலு நாளைக்கு நாலு படம். நாலும் அரசியல் படம்.

"லீவுல குடும்பத்தோட உக்காந்து பாக்க வேண்டிய படங்க" என்று என் மகளிடம் நீட்டினார்.

மகள் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நாலாம் நாள் கல்யாணத் தேதி குறிப்பதாகப் பேச்சு. அவர் சுவரைப் பார்க்கச் சொல்லியிருந்தாலும் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்க்க வைத்திருப்பாள்.

நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தேன். நாலும் ஒரே வருடத்துப் படங்கள். நாலும் நான் வேலை பார்த்த தணிக்கை அலுவலகத்தைத் தாண்டிப் போனவை. எந்த ரீலில் எத்தனை அடி பிலிம் வெட்ட வேண்டும் என்று குழு முடிவு செய்யும். அதைக் கடிதமாக டைப் அடித்துப் படக்காரர்களுக்குக் கொடுப்பது என் வேலை. உலகத்தில் இத்தனை படம் இருக்க, இந்த மனுஷனுக்கு இந்த நாலுதான் கிடைத்ததா?

பேத்தியைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

"ஏண்டி, நான் எங்க வேலை பாத்தேன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"மாமாதான் கேட்டாரு பாட்டி. உங்க இனிஷியல் கூடக் கேட்டாரு."

"இனிஷியலா? கல்யாணம் உனக்கா, எனக்கா?"

"போங்க பாட்டி, சும்மா விசாரிச்சிருப்பாரு."

சும்மா விசாரிக்கிறவர் சர்க்கரை இருக்கிறதா, முட்டி வலிக்கிறதா என்று விசாரிப்பார். இனிஷியல் எதற்கு?

முதல் நாள் சாயங்காலம், ஓட்டுப்பெட்டி காணாமல் போகிற படம். எல்லோரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா மட்டும் நாற்காலியைச் சாய்வாகப் போட்டார், என் முகம் தெரிகிற மாதிரி. வெட்டு விழுந்த இடத்தில் படம் சட்டென்று தாவும் இல்லையா? ஒவ்வொரு தாவலுக்கும் என்னைப் பார்த்தார்.

"டீ ஆறுதும்மா" என்றார்.

குடித்தேன். என்ன செய்ய?

இரண்டாம் நாள், மந்திரியின் டிரைவரே மந்திரியாகிவிடும் படம். நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன். பத்து நிமிடத்தில் அவரும் எழுந்து வந்துவிட்டார். "இங்கதான் காத்து வருது" என்றார். ஃபேன் அந்தப் பக்கம் இருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. இவர் ஏதோ குற்றம் கண்டுபிடித்துச் சம்பந்தத்தைக் கலைக்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளையிடம், அதாவது என் மகளின் கணவரிடம், காதைக் கடிக்கலாம் என்றால் அவர் இரண்டு நாளும் குறட்டை. அரசியலுக்கும் அவருக்கும் அவ்வளவு பொருத்தம்.

மூன்றாம் நாள் படத்தில் ஒரு குமாஸ்தா. பாதிப் படத்தில் மந்திரி அவனைப் பளாரென்று அறைந்தார். என் கையில் இருந்த டீக் கோப்பை அப்படியே நின்றது. இந்த அறையைப் பற்றிக் குழு ஒரு மணி நேரம் சண்டை போட்டு, வெட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது. குறிப்பை டைப் அடித்தவளே நான்தான். வெட்டச் சொன்னது எப்படி இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது?

கடைசியில் குமாஸ்தாவின் அம்மா மந்திரி வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்தாள். டக். அடுத்து ஏதோ ஒரு தெரு.

பையனின் அப்பா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"இங்க அந்தம்மா பேசுவாங்க. அரை நிமிஷம்கூட வராது. நான் எழுதினது."

"அப்பா, நீங்க படம் எழுதினீங்களா?" பையன் வாயைப் பிளந்தான்.

"ஒண்ணே ஒண்ணு. அதோட பேனாவ மூடிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். இரண்டு தாள், மூலையில் துருப்பிடித்த பின். கீழே சின்னதாக என் இனிஷியல்.

"குழுவுல என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான். அறைய மட்டும்தான் வெட்டச் சொன்னோம், அந்தம்மா பேச்சத் தொடவே இல்லன்னு சத்தியம் பண்ணினான். நான் நம்பல. முப்பது வருஷமா அவன்கிட்ட பேச்சு இல்ல. சொல்லுங்கம்மா, யார் சொல்லி இத அடிச்சீங்க?"

"அம்மா வெறும் டைப்பிஸ்ட்தானே" என்று மகள் முந்திக்கொண்டாள். "குடுத்தத அடிச்சிருப்பாங்க."

"அப்ப அவன்தான்" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மறுநாள் தேதி குறித்துவிடுவார்கள். மகள் கண்ணாலேயே என் உதட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தாளைப் படித்தேன். அதில் படத்தின் பெயர் இருக்காது, காரணமும் இருக்காது. ரீலும் அடியும் மட்டும். ஒன்பதாவது ரீல், நூற்று முப்பத்திரண்டாவது அடி முதல். அடக் கடவுளே! அது வேறு ஒரு படத்தின் ஹோட்டல் ஆட்டம். ஆபாசமா இல்லையா என்று உறுதி செய்ய உறுப்பினர்கள் மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். நூற்று முப்பத்திரண்டு என்று சொல்லிச் சொல்லி படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ஆறு மாதம் சிரித்தார்.

"அவர் இல்லீங்க. நான்தான்" என்றேன். "லீவுக்கு முந்தின நாள். மூணு படத்துக் கடுதாசி ஒரே மத்தியானம். வெளியில படக்காரங்க நின்னு கத்தறாங்க. பின் அடிக்கறப்போ ரெண்டாவது தாள் மாறிப்போச்சு. அதான் அறை தங்கிடுச்சு, அந்தம்மா பேச்சு போயிடுச்சு."

"அம்மா!" என்றாள் மகள்.

"மாறிப்போச்சா, மாத்தினீங்களா?" என்றார் அவர்.

"மாத்தறவ கீழ இனிஷியலும் போட்டு அனுப்புவாளா? சந்தேகம்னா அந்த இன்னொரு படத்தப் போடுங்க. உங்க தாள் அங்க போயிருந்தா, அந்த ஆட்டம் முழுசா இருக்கும்."

பேத்தி படத்தைத் தேடிப் போட்டாள், அந்த இடத்துக்கு ஓட்டினாள். இருந்தது. ஒரு அடிகூடக் குறையாமல், சம்பந்தி வீட்டார் முன்னால், எல்லா இடுப்போடும் இருந்தது. மாப்பிள்ளை மூன்று நாளில் முதல் தடவையாக விழித்துக்கொண்டு, "இதுவும் அரசியல் படமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பையனின் அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். போனைக் காதில் வைத்தார். பேசினார், நிறுத்தினார், கையை ஆட்டினார்.

"பாட்டி, வேணாம்னு சொல்லிடுவாரா?" பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மைய சொல்லி நல்லா ஆப்பு வச்சீங்கம்மா" என்றாள் மகள்.

கதவு திறந்தது. அவருடைய மூக்கு சிவந்திருந்தது.

"நம்ப மாட்டேங்கறான். முப்பது வருஷம் கழிச்சு இன்னிக்கு என்ன திடீர்னு, எவன் சொல்லிக் குடுத்தான்னு கேக்கறான். நீங்களே நேர்ல சொன்னாத்தான் ஆச்சாம். நாளைக்குக் காலைல வரான்."

"நாளைக்கா?" மகள் காலண்டரைப் பார்த்தாள். "அப்போ... தேதி?"

"அவன் வரட்டும்மா" என்றார். "அவனுக்கு எந்த நாள் தோதுப்படும்னு கேக்காம எப்படிக் குறிக்கறது?"