மடியில் ஒரு மொபைல் ஸ்டார்ட்டர்

1

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். உடுமலையிலிருந்து கோவை வரும் பேருந்தில், ஒருவர் மடியில் இருந்த பெட்டி ‘டக்’ என்றது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான்தான் உக்கடம் வரும்வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே நடக்காததை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை என்னவோ ரத்தத்தைப் பார்த்தே போகிறது.

2

முதல் தொடக்கம்: ‘யஷ்வந்த் ஒரு வெறியன்.’

[அடித்துவிட்டேன். வெறியன் என்று எழுதியதும் நீங்களும் நானும் நிம்மதியாக அவனைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறோம்.]

மறுபடியும். யஷ்வந்துக்கு உடுமலைக்குத் தெற்கே தென்னந்தோப்பு. மனைவிக்குக் காய்ச்சல் என்றால் அவனே ரசம் வைப்பான். பயந்த சுபாவம். தேங்காய் விலை தெரிந்துகொள்ள ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தான். நாளாக ஆக விலை வருவது குறைந்து, வீடியோக்கள் வரத் தொடங்கின. எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாது. ‘அவர்கள் நம்மை விட்டுவைக்க மாட்டார்கள்’ என்பதுதான் எல்லாவற்றின் சாரமும். கடைசியில், பேருந்தில் ஏறினால் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்கிறவனாக அவன் ஆகிவிட்டான். அதை வெறுப்பு என்று அவன் சொல்ல மாட்டான். ஜாக்கிரதை என்பான்.

3

அன்று அவனுக்குப் பக்கத்தில், சன்னலோரம் ஜாவித். தாடி வைத்தவன். உக்கடத்தில் பம்புசெட் சாமான்கள் பழுது பார்ப்பவன். மடியில், நஞ்சம்மாள் என்பவரின் தோப்பிலிருந்து கழற்றிவந்த மொபைல் ஸ்டார்ட்டர்.

[தோப்பு இல்லாதவர்களுக்கு: கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போடுவதற்கான பெட்டி அது. உள்ளே சிம் கார்டு, பேட்டரி, ஒயர்கள். அதன் எண்ணுக்குப் போன் அடித்தால் ‘டக்’ என்று மோட்டார் ஓடும். நஞ்சம்மாளின் பெட்டி மோட்டாரைப் போடும், நிறுத்தாது. அதுதான் பழுது.]

யஷ்வந்த் கண்ணில் பட்டது தாடி, பேட்டரி, ஒயர். ரகசியமாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டான்: ‘பஸ்ல ஒருத்தன் பெட்டியோட இருக்கறான்.’ குழுவை நடத்தும் ரவிக்குமாரிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘கிணத்துக்கடவு ஸ்டாப்புல நிக்கறோம்.’

அந்த நேரம் பார்த்து நஞ்சம்மாள் தோப்பில் மின்சாரம் வந்தது. பெட்டியைக் கழற்றிக் கொடுத்ததை மறந்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் போன் அடித்துவிட்டார்.

டக்.

யஷ்வந்த் பாய்ந்து ஜாவித்தின் சட்டையைப் பிடித்துச் சன்னல் கம்பியோடு அழுத்தினான். பொத்தான் தெறித்தது.

“ஏனுங்க... விடுங்க, மூச்சு முட்டுது.”

“யார்ரா உன்னை அனுப்புனது?”

[இதுவரை படித்த நண்பர் ஜெரோம், “நம்பற மாதிரி இல்லீங்க,” என்றார். “இவனும் தோப்புக்காரன்தானுங்களே? இவன் தோப்புல அந்தப் பெட்டி இருக்காதுங்களா?” இருக்கிறது, ஜெரோம். தினமும் காலையில் அதற்குத்தான் அவன் முதல் போன் அடிக்கிறான். ஆனால் தாடியைப் பார்த்த பிறகு அந்தப் பெட்டி அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு இந்தக் கதையில் எழுதத் தகுந்தது என்று தோன்றியது அது ஒன்றுதான்.]

4

நான் முதலில் எழுதிய முடிவில் கிணத்துக்கடவு வந்துவிடுகிறது. கம்பியோடு ஆட்கள் ஏறுகிறார்கள். ஜாவித்தின் தலை

[வேண்டாம். வாக்கியம் யாரும் தள்ளாமலே ஓடியது. அதைப் பார்த்து நானே பயந்துபோனேன்.]

இப்படி வைத்துக்கொள்வோம். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் அந்த ‘டக்’ சத்தத்துக்கு விழித்தார்.

“த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பையில் போனைத் தேடினார். பேருந்தில் பாதிப்பேர் தோப்புக்காரர்கள். அவர்களும் போனை எடுத்தார்கள். ஒருவர் தன் மோட்டாரைப் போட்டேவிட்டார். அப்புறம்தான் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சிரித்தார்கள்.

“ஸ்டார்ட்டரு கண்ணு அது. அவர விடு,” என்றார் பெரியவர்.

யஷ்வந்த் ஏற்கெனவே விட்டிருந்தான். கரண்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவன் கையும் தன் மோட்டாரைப் போட, போனுக்குப் போயிருந்தது. திரையில் ஜாவித்தின் முகம் இருந்தது. கீழே ‘நிக்கறோம்’ என்று இருந்தது.

5

படத்தை அழித்தான். ரவிக்குமாரை அழைத்தான்.

“அண்ணா, தப்பாப் போட்டுட்டனுங்க. அது வெறும் ஸ்டார்ட்டருங்க.”

“எதுக்கும் ஏறிப் பாத்துப்போடறோம். பசங்க கையில எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டாங்க.”

கிணத்துக்கடவு மேம்பாலம் தெரிந்தது. இப்போது யஷ்வந்த் பயந்தது ஜாவித்துக்காக.

“பெட்டிய எங்கிட்டக் குடுங்க,” என்றான்.

ஜாவித் அவனையே பார்த்தான். பிறகு, வேறு வழியில்லாமல், கொடுத்தான்.

நான்கு பேர் ஏறினார்கள். ரவிக்குமார் கையில் கம்பி.

“இவன்தானுங்களா?”

“பெட்டி என்னுதுங்க அண்ணா. ரிப்பேருக்குக் கொண்டுபோறேன். இவரு நம்ம மெக்கானிக்கு.” எழுந்து வழியை மறித்து நின்றான். “இவரத் தொட்டா என்னைத் தாண்டித்தானுங்க தொடணும்.”

ரவிக்குமார் பெட்டியைப் பார்த்தார். பின்னால் தோப்புக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதையும் பார்த்தார். பையன்களுக்குக் கண்ணைக் காட்டினார். இறங்கினார்கள். நடத்துநர் விசில் கொடுத்தார். அப்பாடா. எழுதிக்கொண்டிருந்த நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

6

“மன்னிச்சுருங்க,” என்றான் யஷ்வந்த். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

ஜாவித் என்ன சொன்னான்? ‘பரவாயில்லீங்க’ என்று எழுதினேன், அழித்தேன். ‘உங்க தோப்புப் பெட்டிக்கும் நான்தானுங்க வரணும்’ என்று எழுதிச் சிரித்துக்கொண்டேன், அதையும் அழித்தேன். நான்காம் பகுதியில் அவனைக் கொல்லப் பார்த்தவன் நான். அவன் வாயில் மன்னிப்பை வைக்க எனக்கு உரிமை இல்லை.

உக்கடத்தில் அவன் முழுசாக இறங்கினான். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதென்றால் இதோ, இடம் விட்டிருக்கிறேன்:

ஜாவித் சொன்னான்: “                    ”

நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். பொத்தான் போன சட்டையை அவன் இன்னும் கையால் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.