மூன்று மணி இருபது நிமிடம்

எல்லாம் தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு. அதற்கு விலை கொடுத்தது என் மாமனார்.

புதன்கிழமை காலை திருப்பதி ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிப் போங்க, ரெண்டு மூணு நாள்தான்." மாமனார் கோவர்த்தனனை ஆம்புலன்சில் பாலசமுத்திரத்துக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். ஒரே மகன் யோகேஷ் அருணாச்சலப் பிரதேசத்தில், தேஜு பக்கம், பாலம் கட்டும் வேலையில் இருந்தான்.

"மாப்ள, யோகேஷுக்கு இப்பவே போன் போட்றலாமா?" என்றார் அத்தை யசோதா.

போனில் தேஜு விமான நிலையம், திருப்பதி விமான நிலையம் என்று தட்டினேன். பட்டென்று வந்தது: 2,330 கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்று மணி இருபது நிமிடம்.

"மூணு மணி நேரம் அத்தை! மெட்ராஸ் போற நேரம்கூட இல்ல. அவன எதுக்குப் பதற வைக்கணும்? வெள்ளிக்கிழமை சொன்னா போதும், பொழுதோட வந்துருவான்."

நான் ஸ்ரீசிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். நான் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

வியாழன் விடிந்ததும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் யோகேஷைக் கூப்பிட்டு, மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம், உடனே கிளம்பு என்றேன்.

"யார் மாமா சொன்னது மூணு மணி நேரம்னு?" அவன் கத்தினான். "இங்கேர்ந்து அங்க ஏது பிளேனு? சின்ன பிளேனு ஒண்ணு, அதுவும் தெனம் வராது. நேத்து மத்தியானம் போச்சு. இனி சனிக்கிழமதான். ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குது. நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏறியிருப்பேனே மாமா!"

தூரத்தை வேகத்தால் வகுத்துப் போட்ட வெறும் கணக்கு அது. அப்படி ஒரு விமானமே கிடையாது. அட மடையா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கடைசிப் பாலை மகன் கையால்தான் ஊற்ற வேண்டும். என் மனைவி தரணி கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டார். கண் ஏற்கெனவே மங்கிவிட்டது.

"எங்க வந்துக்கினு கீறான்?"

"பிளேன் ஏறிட்டான் மாமா. மூணு மணி நேரந்தான்." பாவி, வேறென்ன சொல்வேன்?

"மணி எத்தினி?"

"பத்து."

அதன்பிறகு அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று. பன்னிரண்டரை. ஒவ்வொரு முறையும் தரணி கரண்டியை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை.

ஒன்றரைக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. எதிர்வீட்டு ரவி. சத்தம் கேட்டதும் மாமனார் வாயைத் திறந்தார்.

அத்தை கரண்டியைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

"யோகேசா?"

"ஆமா நைனா" என்றேன்.

ஒரு வாய் இறங்கியது. அவ்வளவுதான்.

கொள்ளியும் நானே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேணிகுண்டாவில் இறங்கி, கார் பிடித்து வந்து சேர்ந்தான் யோகேஷ். காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"பால் குடிச்சாரா மாமா?"

"குடிச்சாருடா. நீ ஊத்தறேன்னு நெனச்சுத்தான் குடிச்சாரு."

அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.