வெள்ளை மிளகில் உப்பு

அவித்து மசித்த உருளைக்கிழங்கில் ஒரு விள்ளலை எடுத்து நாக்கில் வைத்த காவேரி, விழுங்காமல் அப்படியே நின்றாள்.

உப்புக் கரித்தது.

அவள் உப்பே போடவில்லை. “உப்பு போடாம வெறும் கிழங்குல தூவிப் பாருங்கக்கா, அப்பதான் மிளகோட குணம் தெரியும்” என்று ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டில் சமையல் பார்க்கும் அஸ்வின் போனில் சொல்லிக் கொடுத்திருந்தான். அதன்படி கிழங்கு, இரண்டு கரண்டி பால், அம்மியில் நுணுக்கிய வெள்ளை மிளகு. வேறொன்றும் இல்லை. தூவியபோது எழுந்த வாசத்துக்கே அவளுக்குப் பாதி உயிர் வந்திருந்தது. கறுப்பு மிளகு மூக்கில் ஏறி அடிக்கும். இது அப்படியில்லை. மழை விட்ட தோட்டத்து மண்ணைக் கிளறினாற்போல ஒரு அடங்கிய வாசம். காரமும் நாக்கு நுனியில் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி, அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சுட்டது. இந்தத் தடவை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில்தான் பின்னாலேயே அந்த உப்பு.

போன தடவை நடந்ததை அவளால் மறக்க முடியுமா? “வெள்ளை சாஸ்ல, நண்டு சூப்ல எல்லாம் கறுப்புப் புள்ளி தெரிஞ்சா கெஸ்ட் பூச்சின்னு நெனச்சு தட்டைத் திருப்பி அனுப்புறாங்கண்ணா, வெள்ளை மிளகு பண்ணிக் குடுங்க” என்று அஸ்வின் கேட்டதும், அவள் புருஷன் தங்கையா பழுத்த மிளகைச் சாக்கில் கட்டி, கொல்லையில் இருந்த நீல டிரம்மில் ஊறப் போட்டான். தோல் அழுகினால் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டான். தண்ணீரை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. “யக்கா, ஒங்க வீட்ல எருமை ஏதும் செத்துக் கெடக்கா?” என்று பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். அஸ்வின் அதை ஒரு சூப்பில் போட்டுப் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். “சாரிண்ணா. சூப் முழுக்க ஒரே தபேலா நாத்தம்.”

இந்தத் தீவின் ஹிந்தியில் தபேலா என்றால் மாட்டுக்கொட்டகை. தங்கையா அந்த மெசேஜை டீக்கடையில் வைத்து, ஸ்பீக்கரில் கேட்டுத் தொலைத்தான். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே அவன் தபேலா தங்கையா ஆகிவிட்டான். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவன், வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஓடுகிற தண்ணீர். “நாலாவுல போட்டிருக்கேன்” என்றான். மலையிலிருந்து அவர்கள் தோட்டத்து வழியாக இறங்கும் ஓடையைத்தான் நாலா என்பார்கள். தினமும் காலையில் போய்ச் சாக்கைப் புரட்டிவிட்டு வந்தான். நேற்று அதிலிருந்து ஒரு கை அள்ளி வந்து, தேய்த்து, தகரக் கூரையில் காயவைத்தான். மத்தியானம் அஸ்வினே நேரில் வருகிறான். முழுச் சாக்கையும் இழுத்து வரச் சற்று முன்புதான் தங்கையா கிளம்பிப் போனான்.

காவேரி அரைக்காத ஒரு மிளகை எடுத்து நக்கினாள். உப்பேதான்.

நாலாத் தண்ணீரில்தான் அவள் உலை வைக்கிறாள். அதில் ஏது உப்பு? அவள் மனம் ஓடையோடு கீழே இறங்கிப் போனது. பாக்கு மரங்கள், பொன்னம்மாவின் வேலி, பாறை வளைவு, மாசி வெயிலுக்கு நூலாக இளைத்துப் போகும் இடம்... அதற்கும் கீழே, அலையாத்திக் காட்டுக்குள் ஓடை போய்ச் சேரும் கிரீக். கடல் ஏறி இறங்குகிற கழி. இந்த வெயிலிலும் தேங்காத தண்ணீர் அங்கே மட்டும்தான், அதுவும் உப்புத் தண்ணீர்.

அடுப்பை அணைத்தாள். போன வாரம்தான் மாயாபந்தரிலிருந்து வந்த வனத்துறை ஜீப் மைக்கில் கத்திக்கொண்டே போனது. கிரீக்கில் மகர்மச் நடமாட்டம் இருக்கிறது, யாரும் இறங்காதீர்கள். முக்கியமாக, தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். முதலை பார்த்து வைத்துக்கொள்ளும். பொன்னம்மாவின் நாய் அந்தப் பக்கம் போனது, இன்னும் திரும்பவில்லை.

போன் போட்டாள். அவன் போனின் மணி வீட்டு அலமாரியிலிருந்தே அடித்தது.

வேலியோரம் பொன்னம்மா வழி மறித்தாள். “எங்கக்கா இந்த ஓட்டம்? தபேலா வித்வானத் தேடியா?”

“அவரு எந்தப் பக்கம் போனாரு?”

“கீழதான். தெனம் கீழதான போறாரு, ஒங்களுக்குத் தெரியாதா?” சொல்லி முடிப்பதற்குள் பொன்னம்மாவின் சிரிப்பு அணைந்தது. “அரே, கிரீக்குக்கா? யக்கா, நில்லுங்க, நான் ஆளக் கூப்புடுறேன்!”

காவேரி நிற்கவில்லை. பாறை வளைவில் சாக்குக் கட்டியிருந்த முளை மட்டும் இருந்தது. சுற்றிலும் பாசி படர்ந்த குட்டைத் தண்ணீர். அதிலிருந்து அதே கொட்டகை நாற்றம் இலேசாக வந்தது. இந்த நாற்றத்துக்குப் பயந்துதான் சாக்கைக் கீழே கொண்டு போயிருக்கிறான். சொன்னால் விடமாட்டாள் என்று அவளிடம் மறைத்திருக்கிறான்.

அலையாத்தி வேர்கள் காலைத் தட்டிவிட, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து பார்த்தாள். தங்கையா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நைலான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

“மேல ஏறுங்க!”

திடுக்கிட்டுத் திரும்பினான். “நீ எதுக்கு புள்ள இங்க வந்த?”

“மொதல்ல ஏறுங்கங்கறேன்ல!”

“சாக்கு வேர்ல சிக்கிக்கிச்சு. உள்ள எறங்கி எடுத்து விட்டா வந்துரும். ரெண்டே நிமிசம்.”

“மகர் கெடக்குன்னு மைக் போட்டாங்களே, காதுல விழலையா?”

“தெனந்தான் வர்றேன். என்னைய என்ன பண்ணிச்சு?”

“அதான் பயமே. தெனம் ஒரே எடம், ஒரே நேரம்.”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்தான். “மோந்து பாத்தியா? நாத்தம் இருக்கா?”

“நாத்தம் இல்ல. ஆனா உப்புக் கரிக்குதுங்க. ஒண்ணுக்கும் ஆவாது. விட்டுட்டு வாங்க.”

அவன் முகம் சுருங்கியது. அந்த முகத்தைப் பார்த்து, சொன்னது வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

“நல்ல தண்ணில ரெண்டு அலசு அலசுனா உப்பு போயிரும். நாத்தந்தான் போவாது” என்று சொல்லிவிட்டு இன்னும் ஓர் எட்டு உள்ளே வைத்தான். தண்ணீர் தொடைக்கு ஏறியது.

காவேரிக்கு வேறு வழி தெரியவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு கையால் அவன் சட்டையையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அவனும் இழுத்தான். கயிறு விறைத்தது. பிறகு சட்டென்று தொய்ந்தது.

“பாத்தியா, விட்டுருச்சு!” தங்கையா சிரித்தேவிட்டான்.

கடல் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கு எங்கோ கிழிந்திருக்க வேண்டும். அழுகிய மிளகுத் தோல்கள் கருஞ்சிவப்பாக மேலே வந்து, படலமாகக் கூடி, இறங்கும் தண்ணீரோடு கடலைப் பார்த்து மிதந்து போயின. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அவர்கள் கையில் கயிறு மறுபடி விறைத்தது. இந்தத் தடவை அவர்கள் இருவரும் இழுக்கவில்லை. தோல்கள் கடல் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. கயிறு மட்டும் தண்ணீரைக் கீறிக்கொண்டு, சத்தமில்லாமல், ஓட்டத்துக்கு எதிராக மலைப்பக்கம் நகர்ந்தது.