ஆறாத டியூப்

அப்புத்தளை இறக்கத்தில் டயர்க் கடை வைத்திருந்த சுந்தரலிங்கத்தின் லொறி டியூப் ஒன்று மின்வெட்டு வருடத்தில் சூடானது. அதற்குப் பிறகு ஆறவே இல்லை. கரண்ட் இல்லாததால் கைப்பம்பால் காற்றடித்திருந்தார். அப்படி அடித்தால் பம்பும் டியூபும் சுடுவது எல்லாக் கடையிலும் நடப்பதுதான், சற்று நேரத்தில் ஆறியும் விடும். இது ஆறவில்லை. மறுவாரம் சந்தையில் கரட் விலை இறங்கியது, டியூப் அப்படியே இருந்தது.

போகப் போக அதன் குணம் பிடிபட்டது. பக்கத்தில் கொதிக்கும் கேத்தலை வைத்தால் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டது. ஏறி உட்கார்ந்து அமுக்கினால் அந்த உழைப்பையும் சூடாக்கி உள்ளே வைத்துக்கொண்டது. உள்ளே போனபின் எது அடுப்பிலிருந்து வந்தது, எது உடம்பிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. மொத்தம் எவ்வளவு என்பது மட்டும்தான் கணக்கு. சுந்தரலிங்கம் இதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவருடைய கவலையெல்லாம் மனைவி ராமலட்சுமியின் கால்கள். பனியிலும் மழையிலும் நின்று தேயிலைக் கொழுந்தெடுத்த கால்கள், ஒருநாள் சில்லிட்டவை மீளவில்லை. குளிர் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நெஞ்சுக்கு வந்தால் எங்களிடம் மருந்தில்லை என்று பதுளை டாக்டர் சொல்லியிருந்தார். அவள் டியூப் மேல் கால்களை வைத்துக்கொண்டாள். குளிர் கணுக்காலோடு நின்றது.

போன ஐப்பசி மழையில் கடைக்கு எதிரே மண் சரிந்து கொழுந்து லொறி கவிழ்ந்தது. அவ்வழியே வந்த பாலர் பாடசாலை டீச்சர் றிஸ்னியின் கால் அதனடியில் மாட்டிக்கொண்டது. ஜாக்கி சேற்றில் புதைந்தது. சுந்தரலிங்கம் கடைக்குள் வந்து டியூபைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ராமலட்சுமியே காலை எடுத்துவிட்டாள்.

“பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. கொண்டு போங்க.”

லொறிக்கடியில் திணித்ததும் டியூப் மெல்ல உப்பி, லொறியை ஒரு முழம் தூக்கிப் பிடித்தது. டீச்சரை இழுத்தெடுத்தார்கள். தூக்கிய வேலைக்கு அது தன் சூட்டைத்தான் செலவழித்திருந்தது. வெளியே எடுத்தபோது மேலே ஐஸ் படிந்திருந்தது. அன்று மாலையே குளிர் ராமலட்சுமியின் முழங்காலுக்கு ஏறியது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் முழுக்க வந்தது. பெண்கள் சுடுதண்ணீர்ப் போத்தல்களை டியூபோடு அணைத்து வைத்தார்கள், ஆண்கள் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்கள். தோட்டத்தில் எதைக் கொடுத்தாலும் நிறுத்துக் கொடுத்துத்தான் பழக்கம். ஆகவே கங்காணி இரகுநாதன் கொழுந்துத் தராசைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் கொடுத்தபிறகு டியூபைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முள் முதலில் காட்டிய இடத்தை விட்டு அசையவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

“யாரும் ஒண்ணும் குடுக்கலங்க. நிறை அப்படியே இருக்கு.”

சனங்களுக்குச் சுருக்கென்றது. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் யாரும் வரவில்லை. சுந்தரலிங்கம் தனியாக ஏறி ஏறி அமுக்கினார். ஒற்றை மனிதன் எவ்வளவுதான் கொடுப்பான்? குளிர் இடுப்பைத் தாண்டியது. அவள் இல்லாத வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்த்து, கடைவாசலில் உட்கார்ந்து அழுதார்.

அப்போதுதான் றிஸ்னி டீச்சர் கட்டுப்போட்ட காலோடு நொண்டி வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் நேரே லயத்துக்குப் போய்க் கங்காணியைக் கூட்டி வந்து, டியூபில் ஒரு கையையும் ராமலட்சுமியின் பாதத்தில் மறு கையையும் வைக்கச் சொன்னார்.

“இத நிறுக்க ஏலாது, கங்காணி ஐயா. தொட்டுத்தான் பார்க்கணும்.”

ஐஸ் படிந்து வந்த டியூப் இப்போது இளஞ்சூடாக இருந்தது. பாதம் கல்லாகச் சில்லிட்டிருந்தது. கங்காணி நெடுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு தராசை வெளியே வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, தோட்டத்திலேயே பெருத்த தன் உடம்பை டியூப் மேல் இறக்கினார். அதைப் பார்த்துப் போத்தல்களும் ஆட்களும் திரும்பி வந்தார்கள். தைப்பொங்கலுக்குள் குளிர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. இது யாருடைய சூடு என்று எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது கேட்டால், “தெரியாதுங்க, கால் சுடுது” என்பாள் ராமலட்சுமி.

இந்த மழைக்கும் ஒரு வேன் கவிழ்ந்தது. யாரும் கேட்குமுன் அவள் காலை எடுத்துவிட்டாள். டியூபை உருட்டிக்கொண்டு போன சுந்தரலிங்கம் பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். லயத்து அடுப்புகள் எல்லாம் சுடுதண்ணீருக்காகப் புகைந்துகொண்டிருந்தன. கங்காணி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.